பாதி வழியில் மாறிய கேள்வி
'ஈக்வல் ரைட்ஸ்' நாவலும் அதன் வாசகர்களின் மனக்குறையும்

பிரச்சினை

டெரி பிராட்செட் எழுதிய 'ஈக்வல் ரைட்ஸ்' நாவலைப் படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அநேகமாக ஒரே பதில்தான் வருகிறது. முதல் பாதி பிரமாதம், அப்புறம் என்னமோ ஆகிவிட்டது. அந்த 'என்னமோ' எது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

1987 ஜனவரியில் வெளிவந்த இந்நாவல், 41 நாவல்கள் கொண்ட டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் மூன்றாவது. சூனியக்காரிகளை நடுவில் வைத்து பிராட்செட் எழுதியவற்றில் முதலாவது. ஆமையின் முதுகில் நான்கு யானைகள், யானைகளின் மேல் தட்டையான உலகம் என்ற அந்தப் படிமம் நமக்குப் புதிதில்லை. அந்த உலகத்தின் மலைக்கிராமம் ஒன்றில் கதை தொடங்குகிறது. சாகும் தறுவாயிலுள்ள டிரம் பில்லட் என்ற மந்திரவாதி, தன் கோலை அடுத்தவனிடம் ஒப்படைக்க அங்கே வருகிறான். எட்டாவது மகனுக்கு எட்டாவது மகனாகப் பிறப்பவன் மந்திரவாதியாவான் என்பது அவ்வுலகின் விதி. ஊர்க் கொல்லர் எட்டாவது மகன். அவர் வீட்டில் அன்றிரவு எட்டாவது பிள்ளை பிறக்கிறது. பிரசவம் பார்த்த கிரானி வெதர்வாக்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். இரண்டு ஆண்களுக்கும் அதைக் கேட்கப் பொறுமையில்லை. பிஞ்சுக் கையைக் கோலின்மேல் வைத்தாகிவிடுகிறது. பிள்ளை பெண் என்பது அதன் பிறகுதான் அவர்களுக்குத் தெரிகிறது.

இதைவிடக் கச்சிதமான தொடக்கம் நகைச்சுவைப் புனைவில் அரிது. விதி, சடங்கு, அவசரம், மருத்துவச்சியின் பேச்சைக் காதில் வாங்காத ஆண்கள் ஆகிய நான்கும் ஒரே காட்சியில் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. இப்படித் தொடங்கிய நாவலை ஏன் இத்தனை வாசகர்கள் ஒரு பெருமூச்சோடு மூடிவைக்கிறார்கள்?

சொல் பற்றி ஒரு குறிப்பு. 'விட்ச்' என்பதைச் 'சூனியக்காரி' என்று எழுதிய கணமே பாதி வழக்கு தோற்றுவிடுகிறது. செய்வினை வைப்பவள், கெடுப்பவள் என்ற தீர்ப்பு அந்தத் தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கிரானி தன் ஊருக்கு முதலில் மருத்துவச்சி, பிறகு நாட்டு வைத்தியச்சி, பஞ்சாயத்துக்காரி. இவற்றுக்கெல்லாம் அப்புறம்தான் மற்றது. இருந்தும் 'சூனியக்காரி' என்றே எழுதுகிறேன். ஆங்கிலச் சொல்லும் அவளுக்கு அதே அநியாயத்தைத்தான் செய்கிறது, நாவல் மல்லுக்கு நிற்பதும் அதனோடுதான்.

வாசகர் சொல்லும் குறைகள்

குறைகளை ஐந்தாகப் பிரிக்கலாம். ஐந்துக்கும் ஒரே எடை இல்லை.

ஒன்று, முடிவு அவசரமாக இருக்கிறது என்பது. நிலவறைப் பரிமாணங்களிலிருந்து உருவமற்ற ஜந்துகள் உலகத்துக்குள் நுழையப் பார்க்கின்றன. நாயகி அங்கே போய் அவற்றை எதிர்கொள்கிறாள். முந்தைய நாவலான 'தி லைட் ஃபன்டாஸ்டிக்' (1986) படித்தவர்களுக்கு இந்த ஜந்துகள் பழகிய முகம். இரண்டு, எஸ்கரினா (சுருக்கமாக எஸ்க்) என்ற அந்தச் சிறுமி தன் கதையிலேயே ஓரத்துக்குத் தள்ளப்படுகிறாள் என்பது. மந்திரவாதிகளின் பல்கலைக்கழகம் இருக்கும் நகரத்துக்கு வந்த பின், திக்கித் திக்கிப் பேசும் மேதையான சைமன் என்ற பையனைச் சுற்றியே நிகழ்வுகள் நடக்கின்றன. மிச்ச இடத்தைக் கிரானி எடுத்துக்கொள்கிறாள். மூன்று, நடுவில் வரும் பயணம் துண்டுதுண்டாக இருக்கிறது என்பது. பொய் சொல்லவே தெரியாத ஸூன் இனத்தாரின் படகு, வணிகர் கூட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து போகிறது. நான்கு, பின்னால் வந்த நாவல்களைப் படித்துவிட்டு இதற்கு வருபவர்களின் ஏமாற்றம். கிரானியின் சக சூனியக்காரிகளான நேனி ஆக் இல்லை, மேக்ரட் இல்லை. பல்கலைக்கழகத்தில் அதன் பின்னாளைய தலைவர் ரிட்கல்லியும் இல்லை. ஐந்து, பெண்ணுரிமை பற்றியது. இதில் இரண்டு கட்சிகள். தலைப்பிலேயே முழக்கத்தை வைத்துவிட்டு முடிவில் நழுவிவிட்டார் என்பது ஒரு கட்சி. ஆண் மந்திரம் வேறு, பெண் மந்திரம் வேறு என்று பழைய வேலியைப் புதிதாக நட்டுவைத்திருக்கிறார் என்பது மற்றது.

நான்காவதை ஒதுக்கிவிடலாம். நேனி ஆக்கும் மேக்ரட்டும் அடுத்த ஆண்டு 'வியர்ட் சிஸ்டர்ஸ்' நாவலில்தான் பிறந்தார்கள். ரிட்கல்லி 1990இல் 'மூவிங் பிக்சர்ஸ்' நாவலில் வந்தார். இன்னும் பிறக்காதவர்களைக் காணோம் என்று ஒரு புத்தகத்தின்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. ஆனாலும் இது வாசிப்பைப் பற்றி ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. வரிசை நாவலில் ஒரு புத்தகத்தின் சமச்சீர், வாசகர் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தார் என்பதைப் பொறுத்தும் அமைகிறது. முதல் இரண்டு நாவல்களைப் படித்துவிட்டு வந்தவர்கள் இதைப் பெரிய முன்னேற்றம் என்கிறார்கள். பின்னாலிருந்து திரும்பி வந்தவர்கள் ஒத்திகை என்கிறார்கள்.

மூன்றாவதை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். பிராட்செட் தம் பெரும்பாலான நாவல்களை அத்தியாயம் பிரிக்காமல் எழுதியவர். 'ஈக்வல் ரைட்ஸ்' அப்படித்தான், ஒரே ஓட்டம். வழியில் வருவதெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். பி.பி.சி. வானொலியின் 'விமன்ஸ் ஹவர்' நிகழ்ச்சி இந்நாவலைத் தொடராக ஒலிபரப்பியது. அன்றன்றைய பகுதியை மட்டும் கேட்டவருக்கு இந்தத் தளர்வு உறுத்தியிருக்காது என்றே நினைக்கிறேன்.

முதலாவதும் இரண்டாவதும் ஐந்தாவதும் நிற்கின்றன. வாசகர்கள் இவற்றைத் தனித்தனிக் குறைகளாகச் சொல்கிறார்கள். எனக்கு மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாகத் தெரிகின்றன.

இங்கே புள்ளிவிவரத்தை நாடத் தோன்றும். 2003இல் பி.பி.சி. நடத்திய 'பிக் ரீட்' வாக்கெடுப்பின் முதல் 100 இடங்களில் பிராட்செட்டின் நூல்கள் ஐந்து, நீல் கெய்மனோடு சேர்ந்து எழுதிய ஒன்று உட்பட. 'ஈக்வல் ரைட்ஸ்' வெளிவந்த அதே 1987இல் வந்த 'மார்ட்' 65ஆம் இடத்தைப் பிடித்தது. சூனியக்காரி நாவல் ஒன்றுகூட அந்த நூறில் இல்லை. ஆனால் பலராலும் முதிர்ந்த படைப்பாகக் கொண்டாடப்படும் 'விட்சஸ் அப்ராட்' (1991), 'லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்' (1992) ஆகியவையும்தான் அங்கே இல்லை. ஆகவே அந்தப் பட்டியல் நம் கேள்விக்கு விடை தராது. பிரதிக்குள்தான் போக வேண்டும்; அதற்கு முன் பிரதிக்கு முந்தைய ஒன்றுக்கு.

ஒரு பேச்சில் இரண்டு புகார்கள்

1985இல் 'நோவாகான்' என்ற அறிவியல் புனைவு மாநாட்டில் பிராட்செட் ஓர் உரை நிகழ்த்தினார். கேன்டால்ஃப் ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பது அதன் தலைப்பு. மிகுபுனைவில் மந்திரம் எப்படி ஆண் பெண் என்று பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது பொருள். மெர்லின் முதல் கேன்டால்ஃப் வரை ஆண் மந்திரவாதி என்றால் ஞானி; தாடி, நூல்கள், கோபுரம், பற்றற்ற நிலை. பெண் என்றால் கிழவி, குடிசை, அண்டா, அற்பப் பழிவாங்கல். ஒன்று கெட்டவள், இல்லையென்றால் கோமாளி.

அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ உலகமும் அந்தப் பேச்சில் வருகிறது. 1968இல் வெளிவந்த 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ' படித்தவர்களுக்கு ரோக் தீவின் பள்ளி நினைவிருக்கும். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி அது. பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீயது என்று அந்த உலகத்தின் பழமொழிகளே சொல்லும். லெ குவின் பின்னாளில் இதைத் தாமே கேள்வி கேட்டுக்கொண்டு 'டெஹானு' (1990) எழுதினார். ரோக் பள்ளியின் கதவை ஒரு பெண் வந்து தட்டும் கதை அவருடைய 2001ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. அதாவது, பிராட்செட்டின் நாவல் அந்தக் கதவை லெ குவினுக்கு முன்பே தட்டிவிட்டது. சிரிப்பு மூட்டுகிறவர்களுக்கு இந்த மாதிரி முன்னுரிமையை யாரும் எளிதில் கொடுப்பதில்லை.

உரையைக் கூர்ந்து பார்த்தால் அதில் இரண்டு புகார்கள் பின்னிக் கிடக்கின்றன. பெண்ணை மந்திரவாதிகளின் கூட்டத்தில் ஏன் சேர்ப்பதில்லை என்பது முதல் புகார். இதை வாசல் கேள்வி என்போம். பெண் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் மந்திரத்தை ஏன் மட்டமாக நினைக்கிறோம் என்பது இரண்டாவது. இது மதிப்புக் கேள்வி. மேடையில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும், கைதட்டலும் கிடைக்கும். நாவலில் அப்படிச் சேர்ந்து நடக்குமா என்பதுதான் சிக்கல்.

நாவலின் தலைப்பு வாசல் கேள்வியின் பக்கம் நிற்கிறது. ஆங்கிலத்தில் சம உரிமையும் சமச் சடங்கும் ஒரே ஒலியில் விழும். தமிழில் உரிமையும் சடங்கும் ஒன்றையொன்று திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. அன்றைய பிரிட்டிஷ் வாசகருக்குத் தலைப்பின் இரண்டு பாதிகளும் செய்தித்தாளில் இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1985இல். கேம்பிரிட்ஜின் மாடலின் கல்லூரி அதற்கு 1988 வரை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்துத் திருச்சபை பெண்களை டீக்கன்களாக முதன்முதலில் அருட்பொழிவு செய்ததும் 1987இல்தான். பாதிரியார்களாக அவர்கள் ஏற்கப்பட இன்னும் ஏழாண்டு ஆனது. பிராட்செட் இவற்றை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் வாதிடவில்லை. வாசகர்கள் இவற்றை மனத்தில் வைத்துத்தான் படித்திருப்பார்கள். கோபுரமும் விருந்து மண்டபமும் கிழட்டுப் பேராசிரியர்களுமாக இருக்கும் 'அன்சீன் யுனிவர்சிட்டி' எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் சாயல் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மலை

ஆனால் நாவல் வாசலுக்குப் போக நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. அந்தத் தாமதத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது.

கோல் பெண்ணின் கையில் விழுந்த பின் கிரானி அதை ஒழித்துக்கட்டவே பார்க்கிறாள். அது அசைவதாயில்லை. சிறுமி வளர வளர மந்திரம் தலைகாட்டுகிறது, அண்ணனைப் பன்றியாக்கிவிடுகிறாள். வேறு வழியில்லாமல் கிரானி அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டு சூனியக்காரியாக்கப் பார்க்கிறாள். பாடம் என்று எஸ்க் எதிர்பார்ப்பது வேறு, கிடைப்பது வேறு. மூலிகை, தேனீ வளர்ப்பு, ஊர்க்காரர்களுக்கு மருந்து கொடுக்கும் முறை. மருந்து என்றால் அதில் பாதி நிறமும் கசப்பும்தான். மீதியை நோயாளியின் நம்பிக்கை பார்த்துக்கொள்ளும். கிரானி இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஹெடாலஜி', தலையியல் என்று வைத்துக்கொள்ளலாம். கூர்த்தொப்பியும் அதில் சேர்த்திதான். தொப்பியைப் பார்த்ததும் எதிரே நிற்பவர் மனத்தில் மந்திரம் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

நாவலின் மிக அருமையான கண்டுபிடிப்பு இரவல். கிரானி தன் உடலைக் கட்டிலில் கிடத்திவிட்டு வேறோர் உயிரின் மனத்துக்குள் போய்ச் சவாரி செய்கிறாள். விரட்டுவதில்லை, ஏவுவதில்லை, அந்த உயிர் போகிற வழியிலேயே போய், அதன் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். பனிநாளில் பிள்ளைகள் அவள் குடிசைக்கு வந்து பார்க்கும்போது உடல் சில்லிட்டுக் கிடக்கிறது. செத்துவிட்டாள் என்று நினைத்து அலறுகிறார்கள். இந்தக் காட்சியில் சிரிப்புக்கும் கிலிக்கும் நடுவே ஒரு மயிரிழைகூட இல்லை.

பிறகு எஸ்க் யாருக்கும் சொல்லாமல் ஒரு கழுகை இரவல் வாங்குகிறாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கழுகின் மனத்தை அழுத்திப் பிடித்து ஆள்கிறாள். மெல்ல மெல்லத் தானே கழுகுக்குள் கரைந்துபோகிறாள். இங்கே கட்டிலில் ஆளில்லாத உடல். அந்தச் சிறுமியைத் தேடி மீட்க, தான் வெறுக்கும் அதே கோலின் துணையைக் கிரானி நாட வேண்டியிருக்கிறது. கிழவிக்கு வயது தெரியும் இடமும் பயம் தெரியும் இடமும் இதுதான். இப்பகுதியைக் குறை சொன்ன வாசகர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

இந்தப் பக்கங்கள் முடியும்போது மதிப்புக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. அடக்கி ஆள்வதைவிட, உடன் போய்த் திரும்பத் தெரிவதே பெரிய வித்தை. குடிசையில் நடப்பது மட்டமான மந்திரம் என்று இனி எந்த வாசகரும் நினைக்கப்போவதில்லை. விடை இவ்வளவு முழுமையாகக் கிடைத்ததுதான் நாவலுக்கு வினையாகிவிட்டது.

நகரமும் ஒரு துடைப்பமும்

மந்திரம் நிலத்திலிருந்து வந்தால் பெண்களுக்கு, வானத்திலிருந்து வந்தால் ஆண்களுக்கு என்று கிரானியே நம்புகிறாள். எஸ்க்கிடம் இருப்பது இரண்டாவது வகை. தன்னால் அதை ஆளக் கற்றுத்தர முடியாது என்பதால் ஆங்க்-மோர்பார்க் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாள். கதைக்கு இது போதுமான காரணம். வாசகருக்குப் போதவில்லை. சற்று முன்தான் இந்தக் குடிசையில் உலகத்தின் மிக ஆழமான பாடத்தைப் பார்த்தோம். இப்போது, உண்மையான படிப்பு வேறெங்கோ இருக்கிறது என்று வண்டியேறச் சொல்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே இருப்பது ஏட்டுப் பிலுக்கும் ஏப்பமும். அந்த வாசல் திறந்தால் என்ன, மூடினால் என்ன என்று வாசகருக்குத் தோன்றிவிடுகிறது. வாசல் கேள்வியின் சூடு தணிந்த இடம் இதுவே.

நாவலாசிரியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, இரண்டு கேள்விகளையும் கோத்துவிடக்கூடிய ஓர் அற்புதமான பொருளை அவர் கையில் எடுக்கிறார். மந்திரவாதிகளின் சபையில் எஸ்க் தன் வித்தையைக் காட்ட முயன்று, கோல் ஒத்துழைக்காமல், கூட்டம் சிரிக்க, அவமானப்பட்டு வெளியேறுகிறாள். முன்வாசல் அடைபட்டுவிட்டது. பின்வாசல் வழியாக வேலைக்காரப் பெண்ணாக உள்ளே போகிறாள். கோலை எப்படிக் கொண்டுபோவது? துடைப்பமாக வேடமிட்டுத்தான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மந்திரவாதியின் கோல், சூனியக்காரி ஏறிப் பறக்கும் துடைப்பம், வேலைக்காரி கூட்டும் துடைப்பம் மூன்றும் ஒரே கழி. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஞானமாகவும் கேலியாகவும் கூலியாகவும் பெயர் மாறுகிறது. 1985ஆம் ஆண்டுப் பேச்சு முழுவதும் அந்தக் கழிக்குள் அடங்கிவிட்டது. வகுப்பறையைக் கூட்டிக்கொண்டே பாடம் கேட்கும் சிறுமியை யாரும் பார்ப்பதில்லை. துடைப்பம் வைத்திருக்கும் பெண்ணை அந்த மண்டபத்தில் யாருமே பார்ப்பதில்லை என்பதால்.

நான் இந்நாவலைத் திருத்தும் இடத்தில் இருந்திருந்தால் (யாரும் கூப்பிடவில்லை) அந்தக் கூட்டும் நாட்களை இன்னும் ஐம்பது பக்கம் நீட்டச் சொல்லியிருப்பேன். பல்கலைக்கழகத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். வீட்டுப் பொறுப்பாளர் மிசஸ் விட்லோ இருக்கிறார். கிரானி அவருக்குத் தேயிலைக் குறி சொல்லி அவரைக் கைக்குள் போட்டுக்கொள்ளும் காட்சி நகரப் பகுதியிலேயே மிகச் சிறந்தது. தலையியல் நகரத்திலும் செல்லும் என்று காட்டும் காட்சி அது. ஆனால் பிராட்செட் சட்டென்று கிளம்பிவிடுகிறார். நூலகத்தில் சைமன் விழுகிறான், கோல்தான் அவனைத் தாக்கிவிட்டதென்று எண்ணி எஸ்க் அதை ஆற்றில் எறிகிறாள், ஜந்துகள் வருகின்றன. துடைப்பம் திறந்துகொடுத்த கதவை முந்தைய நாவலிலிருந்து இரவல் வாங்கிய பூதங்கள் வந்து அடைத்துவிடுகின்றன. இந்த இரவல், கிரானி செய்வது போன்ற நல்ல இரவலாகவும் இல்லை.

கிரானிக்கும் பல்கலைக்கழகத் தலைவர் கட்டாங்கிளுக்கும் நடக்கும் உருமாற்றச் சண்டை பற்றியும் இதையே சொல்லலாம். டி.எச். ஒயிட்டின் 'தி ஸ்வார்டு இன் தி ஸ்டோன்' (1938) நாவலிலேயே மெர்லின் அப்படி ஒரு சண்டை போட்டிருக்கிறார். பிராட்செட்டின் சண்டை சுவையானது. ஆனால் அந்தச் சண்டையால் கிரானியின் மந்திரம் கட்டாங்கிளின் மந்திரத்துக்குச் சமம் என்று மட்டுமே நிறுவ முடிகிறது. சமம் அல்ல, வேறு வகையில் ஆழமானது என்று கழுகுப் பகுதியில் நமக்கு முன்பே புரியவைத்தாகிவிட்டது. நகரத்தில் நாவல் தன் விடையிலிருந்தே ஒரு படி கீழிறங்கி வாதாடுகிறது. பிறகு ஆற்றில் கோலைத் தேடும்போது, மலையில் கழித்த இளமையைப் பற்றி இரண்டு கிழடுகளும் பேசிக்கொள்ளும் பக்கங்கள் வருகின்றன. அங்கே மட்டும் நாவலுக்கு மறுபடி மூச்சு வருகிறது. பேச்சு மலையைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேறு விளக்கங்கள்

இதற்கு எளிமையான காரணங்கள் இருக்கக்கூடும். பிராட்செட் அப்போது மத்திய மின் உற்பத்தி வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி. அணுமின் நிலையங்களைப் பற்றிச் செய்தியாளர்களிடம் பதில் சொல்லிவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானது 1987இல், இந்நாவல் வெளிவந்த பிறகு. எனவே நேரமில்லாததால் முடிவு அவசரமாகிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் 'மார்ட்' நாவலையும் அவர் அதே நாட்களில்தான் எழுதினார். அதன் முடிவிலும் சிலர் குறை காண்கிறார்கள். இரண்டு பாதியாகப் பிளந்து கிடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

எழுத்தாளர் தொழில் கற்றுக்கொண்டிருந்த காலம் என்பது அடுத்த விளக்கம். முதல் இரண்டு நாவல்கள் பெரும்பாலும் மிகுபுனைவுகளைக் கேலி செய்தவை. ஒரு முழுக் கதையைத் தாங்கிக்கொண்டு போகும் பயிற்சி இங்கேதான் ஆரம்பிக்கிறது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்பவரின் கை தொடக்கத்தில் தடுமாறி, போகப்போகத் தெளியும். இங்கே நடந்தது தலைகீழ்.

முடிவை வைத்தே நாவலை முழுதாகக் காப்பாற்றப் பார்க்கும் வாசகர்களும் உண்டு. முடிவில் மந்திரத்தைப் பயன்படுத்தாமலேயே எஸ்க் அந்த ஜந்துகளை வெல்கிறாள். அதிலிருந்து அவளும் சைமனும் ஆண் மந்திரமும் அல்லாத பெண் மந்திரமும் அல்லாத புதிய ஒன்றை உருவாக்கத் தொடங்குகிறார்கள். எனவே இரண்டு பாதிகளும் அங்கே சேர்ந்துவிடுகின்றன என்பது அவர்கள் வாதம். திட்டமாக இது நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் புதிய மந்திரம் என்ன செய்யும் என்று ஒரு காட்சியாவது காட்டப்பட்டிருக்கிறதா? இரவலுக்குக் கழுகு கிடைத்தது, தலையியலுக்குத் தொப்பி கிடைத்தது. புதிய மந்திரத்துக்குக் கிடைத்தது விளக்கம் மட்டுமே. கண்ணால் காணாததை வாசகர் ஒப்புக்கொள்ளாததில் தப்பில்லை.

பிராட்செட் பற்றி 2000இல் வெளிவந்த 'கில்டி ஆஃப் லிட்டரேச்சர்' என்ற ஆய்வுத் தொகுப்பில் சூனியக்காரிகளுக்கு ஓர் அத்தியாயம், பல்கலைக்கழகத்துக்குத் தனியாக வேறோர் அத்தியாயம். வரிசை அப்படித்தான் பின்னால் பிரிந்து போயிற்று. 'ஈக்வல் ரைட்ஸ்' இரண்டு எல்லைகளிலும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறது.

எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும்

என் வாதத்துக்கு வலுவான சான்று பிராட்செட்டின் பிந்தைய நாவல்களிலேயே இருக்கிறது. இந்த நாவலிலிருந்து அவர் எதைத் தன்னோடு கொண்டுபோனார், எதை வழியில் விட்டுவிட்டார் என்று பார்த்தால் போதும். கிரானி வந்தாள். தலையியல் வந்தது. தேனீக்கள் வந்தன. ஓடிச்சென்று தள்ளினால்தான் கிளம்பும் பழைய துடைப்பம் வந்தது. இரவலும் வந்தது. பிந்தைய நாவல்களில் கிரானி இரவல் போகும்போது, தான் சாகவில்லை என்று எழுதிய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள். குடிசையில் பிள்ளைகள் அலறிய அந்தக் காட்சி ஊரார் எல்லாருக்கும் வாடிக்கையாகிவிட்டதன் அடையாளம். மலையில் இருந்த அனைத்தும் வந்தன.

நகரத்தில் நடந்தவை வரவில்லை. கட்டாங்கிள் போனார், சைமன் போனான். பெண்களைச் சேர்ப்பது என்ற முடிவே காணாமல் போனது. அடுத்தடுத்த நாவல்களில் அதே பல்கலைக்கழகம் வருகிறது, ஆண்களாலேயே நிரம்பி. இப்படியொரு பெண் அங்கே படித்தாள் என்ற பேச்சே இல்லை. அனுமதி கிடைத்த பின்னும் பெண்கள் வராமல் போவது நிஜ உலகத்திலும் நடப்பதுதானே, அதைத்தான் ஆசிரியர் சுட்டுகிறார் என்று சில வாசகர்கள் பரிந்து பேசுகிறார்கள். அன்பான வாசிப்பு. பிரதியில் அதற்கு ஆதாரம் கிடையாது. ஆசிரியருக்கு அந்தக் கேள்வியில் ஈடுபாடு போய்விட்டது என்பதே நேர்மையான பதில். மதிப்புக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அதை வைத்தே இன்னும் பல நாவல்கள் எழுதினார்.

எஸ்க்கை வாசகர்கள் மறக்கவில்லை. 23 ஆண்டுகளுக்குப் பின், 2010இல் வந்த 'ஐ ஷல் வேர் மிட்நைட்' நாவலில் எஸ்கரினா ஸ்மித் திரும்பி வருகிறாள், வளர்ந்த பெண்ணாக, காலத்துக்குள் நடமாடத் தெரிந்தவளாக. டிஃபனி என்ற இளம் சூனியக்காரிக்கு உதவிவிட்டு மறைந்துபோகிறாள். இத்தனை நாள் எங்கே இருந்தாள், பல்கலைக்கழகத்தில் என்ன ஆயிற்று என்பதற்கெல்லாம் சில வரிகளில் பதில். கடன்காரர் வீட்டுக்கு வந்து வட்டியை மட்டும் கட்டிவிட்டுப் போவது போல.

கடைசி நாவலான 'தி ஷெப்பர்ட்ஸ் கிரௌன்' 2015இல், பிராட்செட் மார்ச்சில் இறந்த பிறகு வந்தது. அதுவும் சமச்சீரற்றது, நேரம் இருந்திருந்தால் இன்னும் எழுதியிருப்பார் என்று அவருடைய உதவியாளர் ராப் வில்கின்ஸ் பின்னுரையில் சொல்கிறார். அந்தக் குறையை வாசகர்கள் கண்டும் காணாமல் விடுகிறார்கள், 'ஈக்வல் ரைட்ஸ்' நூலுக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை. அந்தக் கடைசி நாவலின் தொடக்கத்தில் கிரானி வெதர்வாக்ஸ் இறந்துபோகிறாள். ஜெஃப்ரி என்ற பையன் ஒருவன் வருகிறான். ஆண் பிள்ளை, சூனியக்காரியாக வேண்டும் என்கிறான். வாசல் கேள்வி மறுபடி வந்திருக்கிறது. இம்முறை தட்டப்படுவது பல்கலைக்கழகத்தின் கதவல்ல. புத்தகம் முடியும்போது, எஸ்க் தேனீக்களைப் பற்றிப் பாடம் கேட்ட அந்தக் குடிசையில் ஜெஃப்ரி குடியிருக்கிறான்.